யூட் குவாயின் தீட்டு மாதம்

நொண்டி டிங்கோ பள்ளத்தில் அந்த வருஷம் இருந்த ஒரே சீனப் பெண் யூட் குவாய். மற்ற எல்லோரும் ஆண்கள். பெண்டாட்டிகளைக் கான்டன் பக்கத்துக் கிராமங்களில் விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு வந்து, விக்டோரியாவின் மண்ணில் தங்கம் தோண்டுகிறவர்கள். அவளுக்கு வலி கண்ட காலையில் முகாமே பள்ளத்தின் மறுகோடிக்கு ஓடிப்போனது. பாம்பைக் கண்டிருந்தால்கூட அப்படி ஓடியிருக்க மாட்டார்கள். பிரசவத் தீட்டு பட்டவன் கண்ணில் தங்கம் படாது, சூதில் அவன் கையில் காசு தங்காது என்பதில் எங்கள் சீன ஆட்களுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. குழந்தைக்கு ஒரு மாதம் நிறையும்வரை அந்த அறைப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார்கள். ரத்த சொந்தத்துக்கு மட்டும் தோஷமில்லை. அப்படியிருந்தும் புருஷன் தாம் ஷுன் வாசலுக்கு வெளியே நின்றுதான் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் ஜாதகத்தில் தைரியத்துக்கு இடமே இல்லை.

உள்ளே துணைக்கு இருந்தவள் கீகன் அக்கா. ஐரிஷ்காரி, விதவை, கைராசிக்காரி. வாய்க்கு மட்டும் பூட்டுக் கிடையாது. அவள் புருஷன் நடத்தி, பிறகு எரிந்துபோன சாராயக் கடை இருந்த மனையில்தான் இந்தப் பலகை வீடு நின்றது.

"கட்டில் சட்டத்தை இறுக்கிப் புடி பொண்ணே. இந்த இடத்துலதான் எங்க கடை மேசை இருந்துச்சு. குடிக்க வர்றவன்லாம் தங்கத்தூளை ரெண்டு விரலால கிள்ளிப் போடுவான். கை நடுக்கத்துல பாதி பலகை இடுக்குல போயிரும்."

யூட் குவாய் வலியை மறந்து தலையைத் தூக்கினாள். "எந்த இடத்துல அக்கா?"

"இங்கதான், உன் கட்டிலுக்கு நேர் கீழே. தலையைக் கீழே போடு!"

"தலைமாட்டுலயா, கால்மாட்டுலயா?"

"மொதல்ல புள்ளையப் பெத்துத் தொலைடி!"

பெண் குழந்தை. நல்ல தொண்டை. பள்ளத்தின் மறுகோடிக்கும் கேட்டது.

இதில் விளையாட்டில்லாத சங்கதி ஒன்று உண்டு. வீடு அவர்களுடையதல்ல, மோய் பாக் சிங்கிடம் வாடகைக்கு எடுத்தது. மோய் முகாமின் தலைவர், மரியாதைக்கு எல்லோருக்கும் சித்தப்பா. சூதாட்டக் கடை முதலாளி. கிண்ணத்தின் கீழ் காசுகளை மூடி, நந்நான்காக எண்ணி, மிச்சம் எத்தனை என்று பந்தயம் கட்டவைத்து, பாடுபட்டவன் சம்பாத்தியத்தை மரியாதையாக வாங்கிக்கொள்கிற மனுஷர். கடையில் இடம் போதவில்லை, குழந்தைக்கு மாதம் நிறைந்த மறுநாள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்புறம் ஓடைக்கரைக் கூடாரம்தான் கதி. போன குளிர்காலத்தில் அந்தக் கூடாரத்தில்தான் யூட் குவாயின் முதல் பிள்ளை இருமி இருமிச் செத்தான். ஈரத் துணிக்குள் அவனைக் கட்டிக்கொண்டு கிடந்தது அவள் உடம்பை விட்டுப் போகவே இல்லை. இந்தப் பெண்ணை அங்கே கொண்டுபோகிற பேச்சுக்கே இடமில்லை. தலையே போனாலும் சரி.

தங்கம் கிடைத்தால் வேறு கூரை வாங்கிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். தோண்டுவதற்குத் தீட்டறையைவிடப் பத்திரமான இடம் விக்டோரியாவிலேயே கிடையாது. மண்ணை வெளியே கொண்டுபோவது எப்படி? அதற்கும் வழக்கமே வழி செய்து வைத்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சியும் பன்றிக்காலும் போட்டுப் புளித்த அரிசிக் காடியில் காய்ச்சி, ஜாடி ஜாடியாக வைப்போம். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதில் பங்கு; தீட்டு அறைக்குத்தான், காடிக்குக் கிடையாது. அந்த வீட்டிலிருந்து ஜாடி வெளியே போனால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஆக, யூட் குவாய் கட்டிலில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தபடி மேற்பார்வை பார்த்தாள். கீகன் அக்கா பாவாடையைச் செருகிக்கொண்டு அடுப்புக் கரண்டியால் தோண்டினாள். தாம் ஷுன் வாசலில் ஜாடியை வாங்கி, ஓடைக்குக் கொண்டுபோய் உள்ளிருந்த மண்ணை அலசித் தங்கம் தேடினான்.

"யாராவது குடிக்கக் கேட்டா என்ன சொல்றது?" ஜாடியை வாங்காமலேயே அவன் கேட்டான்.

"இன்னும் புளிக்கலைன்னு சொல்லுய்யா" என்றாள் யூட் குவாய்.

"மண்ணு கனமா இருக்குதே, சந்தேகப்பட மாட்டாங்களா?"

"கொழுத்த பன்னின்னு சொல்லு!"

மாதத்தின் பெரும்பகுதி இப்படியே போனது. குழி கீகன் அக்காவின் இடுப்புக்கு வந்தது. கிடைத்தது என்னவோ ஒரு சிட்டிகைத் தூள்தான். கீகன் அக்கா குழிக்குள்ளேயே உட்கார்ந்து யோசித்தாள். முகம் சிவந்தது.

"படுபாவி! கடை எரியறதுக்கு முந்தின வாரம் தரையை மாத்துறேன்னு என்னை எங்கம்மா வீட்டுக்கு அனுப்பினான். தரையையா மாத்தினான்? எனக்குத் தெரியாம மொத்தத்தையும் அலசி எடுத்துட்டான்!" செத்த புருஷனை அவள் அன்று ஏசிய ஏச்சில் குழந்தையே விழித்துக்கொண்டது.

யூட் குவாய்க்கு அழுகை முட்டியது. கொஞ்சம் அழவும் செய்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தச் சிட்டிகைத் தூளையே வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துக் கீகன் அக்காவே கொஞ்சம் தள்ளி நின்றாள்.

மறுநாள் மோய்க்கு ஒரு ஜாடி இஞ்சிக் காடி போனது. அசல் காடிதான். அடியில் மட்டும் அந்தச் சிட்டிகைத் தூள். அதே நாளிலிருந்து தாம் ஷுன் முன்னைவிட இரண்டு மடங்கு ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு மோயின் கடை வழியாகவே போய்வந்தான். பேய் அறைந்தவன் மாதிரி முழித்துக்கொண்டே போ என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்கு அவன் தனியாக நடிக்க வேண்டியிருக்கவில்லை.

காடியைக் கடைசிச் சொட்டுவரை குடித்த மோய்க்கு, ஜாடியின் அடியில் ஒட்டியிருந்த தங்க மினுமினுப்பைக் கண்டதும் மூக்கில் வியர்த்துவிட்டது. மாதம் நிறைய இன்னும் நான்கு நாள். அதுவரை பொறுத்தால் தன் மனையின் தங்கம் முழுக்க ஓடையைக் கடந்துவிடும் என்று அவருக்கு வயிறு எரிந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். அதற்குத் தோதாக, மறுநாள் மத்தியானம் முற்றத்தில் முகாமுக்கே காடி விருந்து என்று தாம் ஷுன் கூவிக்கொண்டு போனான். எல்லோரும் அறையிலிருந்து பத்திரமான தூரத்தில் குந்தி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கீகன் அக்கா ஊற்றிக்கொண்டிருந்தாள். மோய் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவால் உள்ளே நுழைந்தார். நகர்த்திய கட்டிலைக் கண்டார், குழியைக் கண்டார். அதற்கப்புறம் தீட்டாவது ஒன்றாவது! உள்ளே இறங்கி இரண்டு கையாலும் மண்ணை அள்ளினார்.

"வாங்க சித்தப்பா, சாப்பிட்டாச்சா?" என்று மூலையில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து யூட் குவாயின் குரல் வந்தது.

அடுத்து அவள் போட்ட அலறலில் விருந்துக் கும்பல் முழுக்க வாசலுக்கு ஓடிவந்து, வாசற்படிக்கு இப்பாலேயே சடாரென்று நின்றது. பிள்ளை பெற்றவளின் கட்டிலடியிலிருந்து, தலையெல்லாம் மண்ணாகத் தங்கள் தலைவர் ஏறி வருவதை எல்லோரும் கண்குளிரப் பார்த்தார்கள்.

அன்று மாலை அவர் மேசைக்கு ஓர் ஆள் வரவில்லை. மறுநாளும் இல்லை. கடையை விரிவாக்க நினைத்தவர் கிண்ணமும் காசுமாகத் தனியே உட்கார்ந்து ஈ ஓட்டினார். எதிரே வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் யூட் குவாயின் வாசலில் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"இதுக்குப் பரிகாரமே இல்லையாம்மா?"

"இருக்கே சித்தப்பா. ரத்த சொந்தத்துக்குத்தான் தோஷமில்லையே. நாளைக்குப் புள்ளைக்கு மாசம் நிறையுது. நீங்க அவளுக்கு இன்னொரு அப்பனா தேத்தண்ணி குடிச்சிருங்க. பெத்த மகளைப் பார்க்கத்தான் உள்ளே போனீங்கன்னு ஆயிரும்."

எங்களிடம் அந்த வழக்கம் உண்டு. ஒரு கோப்பைத் தேநீர், நாலு பேர் சாட்சி, அன்றிலிருந்து அவன் அப்பன்தான். மோய் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் சிவப்புச் சாயமிட்ட முட்டைகளும் இஞ்சியுமாக விருந்து நடந்தது. மோய் தேநீரைக் குடித்து முடித்ததுதான் தாமதம், யூட் குவாய் சபையைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏங்க, மோய் பாக் சிங்கோட மக ஓடைக்கரைக் கூடாரத்துல படுத்தா ஊரு என்ன பேசும்?"

"காறித் துப்பும்!" என்றது சபை. மோயின் கோப்பை அந்தரத்தில் நின்றது. வீடு அந்த இடத்திலேயே மகள் பேருக்குப் போயிற்று. அன்றைக்கே அவர் மேசையும் நிரம்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லோரும் கலைந்த பிறகு அவர் மெல்ல அவள் பக்கம் வந்தார்.

"உண்மையைச் சொல்லு. தங்கம் எவ்வளவு கிடைச்சுது?"

"ஒரு சிட்டிகை சித்தப்பா. மொத்தத்தையும் உங்க ஜாடியிலதான் போட்டேன். குடிச்சிட்டீங்களே!"

மோய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணீர் வரச் சிரித்தார். தோற்றாலும் ஆட்டத்தை ரசிக்கத் தெரிந்தவர்.

"கெட்டிக்காரிதான். ஆனா இவ்வளவு நாடகம் எதுக்கும்மா? நேரா வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

யூட் குவாயின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"போன வருஷம் நேராத்தான் கேட்டேன். பையனைத் தூக்கிக்கிட்டு உங்க கடை வாசல்ல நின்னேன். இந்த வீடு அப்ப பூட்டிக் கெடந்துச்சு. மழை விடட்டும், பார்க்கலாம்னீங்க."

அவருக்கு அது நினைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கொஞ்சம் கழித்து நினைவு வந்ததும் தெரிந்தது. கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்தார். பிறகு குழந்தையைத் தரச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் உடனே கொடுக்கவில்லை.