கறுப்புத் துணி சுற்றிய ஜாடி

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஐந்து பெற்று, தங்கையின் இரண்டையும் சேர்த்து ஏழு பேரை ஆளாக்கினேன். யாரிடமும் கை நீட்டியதில்லை. ஆனாலும் அந்தக் கறுப்புத் துணி சுற்றிய ஜாடி இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வேலூரில் ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் புட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்த அன்று, கைநாட்டு வைக்காமல் பெயரை எழுதினேன். அந்த நாலு எழுத்துதான் எனக்குத் தெரிந்த படிப்பு. ரசாயன வாத்தியார் அதைப் பார்த்து, "பரவால்லியே, படிச்ச பொண்ணு!" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுநீர் தேங்கும் குட்டையை வாத்தியார் ஐயா கழியால் கிளறினார். சேற்றிலிருந்து எழுந்த குமிழிகளைப் புட்டியைக் கவிழ்த்துப் பிடித்தோம். அதன் பெயர் மீத்தேன் என்றார். கூடத்துக்கு வந்து அதை ஒரு கண்ணாடி ஜாடியில் குளோரினோடு சேர்த்தார். பச்சையும் மஞ்சளுமான காற்று. கறுப்புத் துணி சுற்றி, அலமாரியில் வைத்து, ஒரு சீட்டு ஒட்டினார்.

"இன்னா செய்யக்கூடாதுன்னு எழுதியிருக்கேன். படிச்சுக்கோம்மா."

சீட்டின் மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓட்டிவிட்டு, "சரிங்க ஐயா" என்றேன்.

மறுநாள் கூடத்துச் சாமான்களைக் கழுவிப் பொட்டு வைத்து வெயிலில் அடுக்கிக்கொண்டிருந்தேன். காவல்காரர் அலமாரியிலிருந்த ஜாடியைக் காட்டி, "பூஜை அன்னிக்கு கறுப்புத் துணியா? ஜாடி வூட்ல எழவா இன்னா?" என்று சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. துணியை அவிழ்த்தேன், சந்தனம் தடவினேன், வாசலுக்குத் தூக்கி வந்தேன்.

"நில்லு! வெளியே வராதே!" ஐயா ஓடிவந்தார். எதற்கென்று புரியாமல் இன்னும் ஓரடி வைத்தேன். வெயில் ஜாடிமேல் விழுந்தது. பிடுங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். வெடித்தது.

அவருக்கு வலது கண் போயிற்று. ஆஸ்பத்திரியில் அவரே சொன்னார்: "இருட்டுல ரெண்டும் சும்மா கெடக்கும்மா. வெளிச்சம் பட்டா குளோரின் ஒடையும். ஒடைஞ்சது மீத்தேனைப் பிடிக்கும், அது இன்னொரு குளோரினை ஒடைக்கும். அப்புறம் நிக்காது." பிறகு மெதுவாகக் கேட்டார்: "சீட்டைப் படிச்சியா?"

"படிச்சேங்க. மறந்துட்டேன்."

மிச்சமிருந்த கண்ணால் வெகுநேரம் என்னைப் பார்த்தார். பிரின்சிபாலிடம், ஜாடியை வெயிலில் வைத்தது தான்தான் என்று எழுதிக் கொடுத்தார். அவர் வேலைக்குத் திரும்பிய வாரம், ஆபத்தான புட்டிகளின் கழுத்தில் எல்லாம் சிவப்பு நூல் கட்டியிருந்தது. சீட்டு ஒன்றுகூட இல்லை.

அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுத்துக் கூட்டக் கற்றேன். பேத்தி, இந்தா, நான் எழுதிய இதைச் சத்தமாகப் படி. மறந்துட்டேன் என்று நான் சொன்ன இடத்தில் குரலைத் தாழ்த்தாதே.