காப்புக் கட்டிய ஊரை விட்டுப் போனது

போன வாரம் என் மகள் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இங்கதான்மா போகப் போறோம், மூணு நாள்" என்றாள். கல்வராயன் மலையில் ஏதோ தோட்டத்து வீடாம். ஆள் அரவமே இருக்காதாம். மாட்டில் பால் கறக்கலாமாம், களை பறிக்கலாமாம். அதற்கு முன்பதிவு வேறு செய்ய வேண்டுமாம். களை பறிக்க ஆசையாக இருந்தால் நம்ம பாகூரில் வயலா இல்லை, யார் வேண்டாமென்று சொல்லப் போகிறார்கள் என்று கிண்டல் செய்ய வாயெடுத்தேன். அதற்குள் அவள் விரல் அடுத்த படத்துக்குப் போய்விட்டது. செம்மண் பூசிய சுவர், தாழ்ந்த கூரை, சின்னதாக ஒரு அறை. "நான் வரலை" என்றேன். "ஏம்மா?" "முட்டி வலி." எண்பதைத் தாண்டியவர்கள் முட்டி வலி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், முட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த மலைக்கு நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம், எனக்கு ஒன்பது வயது. இன்றைக்கும் தெருவில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியில் கரியை ஊதினால் எனக்கு அந்தப் பயணம்தான் ஞாபகம் வரும். பெட்ரோல் கிடைக்காததால் அப்போது கார்களுக்குப் பின்னால் பெரிய இரும்பு அடுப்பு ஒன்றைக் கட்டி, கரியைப் போட்டு, அந்தப் புகையில் வண்டி ஓட்டுவார்கள். மேட்டைக் கண்டால் நின்றுவிடும். எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். ஆனாலும் அது மோட்டார் கார் இல்லையா? பாகூரில் எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் காரில் ஏறியதில்லை. நான் ஏறப் போகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லித் தெருப் பிள்ளைகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

மலையில் இருந்தது என் அம்மாவின் அண்ணன். பங்காளிகளோடு ஒத்துப் போகாமல் ஊரை விட்டுப் போய், மலைச் சரிவில் நிலம் திருத்தி, சாமையும் பலாவும் வைத்திருந்தார். அவருக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்திருந்தான். சின்னராசு என்று பெயர். எட்டு மாதமாகியும் எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை. புதுச்சேரியிலிருந்து அந்துவான் என்ற டிரைவர் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு வேலையாகப் போகிறேன், போகும்போது எங்களை மலையடிவாரத்தில் விட்டு நாலாம் நாள் திரும்ப ஏற்றிக்கொள்கிறேன் என்றார். அப்பா உடனே சரி என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் எங்கள் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் தேர் முடிகிற வரைக்கும் ஊரார் யாரும் எல்லை தாண்டி வேற்றூரில் படுக்கக் கூடாது. அப்படியொரு கட்டு.

"ஆத்தா எல்லையில நின்னுகினு கீறா. அவள மீறிப் போறதா?" என்றாள் அம்மா.

"கார் இன்னிக்கு வுட்டா கெடைக்காது. ஒன் ஆத்தா எங்க போயிடப் போறா, அடுத்த வருசமும் இங்கதான் இருப்பா" என்றார் அப்பா.

எனக்கு அந்த இரண்டு நாளாகவே காய்ச்சல். இடுப்பு உடைந்து விழுகிற மாதிரி வலி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கார் போய்விடும். அம்மா தொட வந்தால் நழுவிவிடுவேன், கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொள்வேன். திருவிழா அமளியில் யாரும் கவனிக்கவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்த வருஷம் அம்மா என்னை வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். ஆத்தா வருவதற்கு முன்னாலேயே ஊசியால் குத்தி அவளை வம்புக்கு இழுப்பதா என்பது அவள் கட்சி. அப்பாவும் தெரியாதவர் மாதிரி இருந்துவிட்டார்.

பாகூர் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அவர்கள் எல்லை முடிந்து இங்கிலீஷ்காரர் எல்லை தொடங்குகிற இடத்தில் ஒரு சாவடி. துணியோ சாராயமோ கடத்துகிறோமா என்று எல்லாரையும் இறக்கி வெயிலில் நிறுத்தினார்கள். மூட்டைகளை அவிழ்த்தார்கள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றேன். கதவு கொதித்தது, கையை எடுக்கவில்லை. விழாமல் சமாளித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

சாயங்காலம் மலையடிவாரத்தில் மாமா மாட்டு வண்டியோடு காத்திருந்தார். அத்தை வாசலில் குழந்தையோடு நின்றாள். புதுச்சேரிப் பக்கம் மண்ணாடிப்பட்டுப் பெண். வருஷக்கணக்கில் பேச ஆளில்லாமல் கிடந்தவள், எங்களைக் கண்டதும் அழுதே விட்டாள். "வாம்மா, ஒன் மருமவனப் பாரு" என்று குழந்தையை அம்மா கையில் திணித்தாள். நான் களைப்பு என்று சொல்லி ஓரத்து அறையில் போய்ச் சுருண்டுகொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அம்மா என்னை எழுப்ப வந்தாள். முகத்தைப் பார்த்தாள். பாவாடையை விலக்கிக் காலைப் பார்த்தாள். நெற்றியிலும் முன்னங்கையிலும் சிவப்புச் சிவப்பாகக் கிளம்பியிருந்தது. அம்மா கத்தவில்லை. என்னைக் கும்பிட்டாள். பெற்ற தாய் நம்மைக் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதைவிடப் பயமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

"எப்பலேருந்துடி?" என்றாள் மெதுவாக.

சொன்னேன்.

அப்பாவும் அம்மாவும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். "மச்சான்கிட்ட சொல்லிடலாம். கைக்கொழந்த இருக்குற வூடு" என்றார் அப்பா. "இன்னான்னு சொல்றது? காப்பு கட்ன ஊர்லேருந்து மீறி வந்தேன், ஆத்தாவக் கூடவே இட்டாந்து ஒன் புள்ள தலமாட்டுல வுட்டுட்டேன்னா? அப்பறம் எங்க அண்ணன் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்? நாலாம் நாள் காரு வருது. அதுவரைக்கும் யாரையும் கிட்ட அண்ட வுட மாட்டேன்." அப்பா ஏதோ சொல்ல வந்தார். அம்மா அவர் காலைப் பிடித்துவிட்டாள். அவர் வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் செய்த ஒரே வேலை, மலைப்பாதை முனையில் போய் நின்று, வராத காரைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

அந்த மூன்று நாளும் அம்மா பட்ட பாடு இருக்கிறதே! வெயில் கொதிப்பு, வெளிச்சம் ஆகாது என்று அத்தையிடம் சொல்லிவிட்டு அறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். வேப்பிலை இல்லாமல் ஆகாது, வெளியே தெரியச் செருகவும் முடியாது. எங்கேயோ அலைந்து நாலு கொத்து ஒடித்து வந்து என் பாயின் அடியில் பரப்பினாள். அம்மை கண்ட வீட்டில் அடுப்பில் தாளிக்கக் கூடாது, ஆத்தாவுக்கு ஆகாது. அத்தையோ விருந்தாளிக்கென்று வேளைக்கு ஒரு குழம்பு வைத்தாள். கடுகு வெடிக்கிற ஓசை வரும்போதெல்லாம் அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

"தாளிக்காதீங்க அண்ணி. அவருக்கு வயிறு சேரல."

"இன்னாம்மா இது, வந்ததுலேருந்து பாக்குறேன். என் சமையலும் வேணாம், என் புள்ளயயும் தூக்க மாட்டேங்குற. மொத நாளு அவன வாங்கினவ அப்பறம் தொடக்கூட இல்லியே. எங்க வூடு இன்னா தீட்டு வூடா?"

இரண்டாம் நாள் அத்தை கூட்டுவதற்காகத் துடைப்பத்தோடு உள்ளே வந்து பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கப் போனாள். "தொடாதீங்க!" என்று அம்மா போட்ட சத்தத்தில் வெளியே குழந்தை வீறிட்டு அழுதது. அத்தை துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். அப்புறம் அந்த அறைப் பக்கம் வரவில்லை. மனசு ஒடிந்து போய்விட்டாள் என்பது எனக்கே தெரிந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆனால் ஒன்று, அந்தக் காவல் பலித்தது. குழந்தை என் பக்கமே வரவில்லை.

கடைசி நாள் வரைக்கும்.

அன்றைக்குக் கார் வர வேண்டிய நேரம். அம்மா மூட்டை கட்டிவிட்டு, என் துணிகளை அலச ஓடைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள், தாழ் சரியாக விழவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு அசைந்தது. சின்னராசு தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். பாயருகே வந்து உட்கார்ந்து என் வளையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூன்று நாளாக என்னை யாரும் ஆசையாகத் தொடவில்லை. அம்மா தொட்டாலும் சாமியைத் தொடுகிற மாதிரி தொட்டாள். என் உடம்பு பூராவும் முத்து முத்தாகக் கிளம்பி நின்றது. இவன் சிரிக்கிறான். தூக்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தூக்கினேன். மடியில் வைத்துக்கொண்டேன். கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டேன். அவன் என் விரலை வாயில் போட்டுச் சப்பினான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. காலடி கேட்டதும் அவனைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

"யாரனா வந்தாங்களா?"

"இல்லம்மா."

அம்மா என்னைத் தலையோடு போர்த்தித் தூக்கி, மாட்டு வண்டியில் அடிவாரத்துக்கு இறக்கினாள். காரில் ஏற்றும்போது போர்வை விலக, அந்துவான் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அவர் முகத்திலும் பழைய தழும்பு இருந்தது. "எனக்கு வந்து போயிடுச்சி, ஏறுங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "மேல இருக்கவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சாவடியில் காவலாள் காருக்குள் குனிந்தான், என்னைப் பார்த்தான், பத்தடி பின்னால் போய்க் கையைக் காட்டினான். போகும்போது மூட்டையெல்லாம் அவிழ்த்தவர்கள், வரும்போது ஒரு துணியைக்கூடத் தொடவில்லை.

நான் பிழைத்துக்கொண்டேன், இந்த முகத்தோடு. ஒரு மாதம் கழித்து மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. சின்னராசுக்கு அம்மை கண்டதாம், ஆத்தா உயிரை மட்டும் விட்டுவைத்து, இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டாளாம். "இந்த மலைக்கு ஆத்தா எங்கிருந்து வந்தாளோ தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். அம்மா அதை எல்லை மீறிய குற்றம் என்றே நம்பினாள். அதன் பிறகு சாகிற வரைக்கும், காப்புக் கட்டிய நாளிலிருந்து தேர் முடிகிற வரை அவள் வீட்டு வாசலைக்கூடத் தாண்டியதில்லை. அவனுக்கு எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. ரொம்ப வருஷம் கழித்து ஒரு டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார், அம்மைக்காரரைத் தொட்டவர்களுக்குக்கூட நாலு நாளைக்குள் குத்திவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள் என்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

சின்னராசு கெட்டிக்காரனாக வளர்ந்தான். பாகூருக்கே வந்து கல்யாணத் தரகு செய்தான். நாலு கம்யூன் ஊர்களின் ஜாதகமும் அவன் தலைக்குள் இருந்தது. என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததே அவன்தான். ஒரு தடவை என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒன் மூஞ்சி என் மூஞ்சி மாதிரியே கீது! ஒனக்கு எப்ப வந்துச்சி?" என்று கேட்டான். "அப்ப ஊரெல்லாம் இருந்துச்சிடா" என்றேன். சிரித்துக்கொண்டான்.

சாவடிகள் போய்விட்டன. பிரெஞ்சுக்காரர் போய்விட்டார்கள். கரிக்கார் போயிற்று. பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று ரேடியோவில் சொன்னார்கள், நல்ல காலம், ஒழிந்து தொலையட்டும். அம்மாவும் மாமாவும் அத்தையும் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னராசு படுக்கையில் விழுந்தான். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று உறுதியோடு போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவனே பேச ஆரம்பித்தான்.

"அக்கா, எங்கம்மா ஒன்னு சொல்லும். நீங்கல்லாம் மலைக்கு வந்தீங்களாமே, யாரும் என்னைத் தூக்கவே இல்லியாம். நீ மட்டும் யாருக்கும் தெரியாம மடியில வெச்சிக் கொஞ்சினியாம். அம்மா கதவு சந்துல பாத்துச்சாம், இருட்டுல ஒன் முதுகும் என் காலுந்தான் தெரிஞ்சிச்சாம். கூப்ட்டா ஒன்ன ஒங்கம்மா திட்டுவாங்கன்னு சத்தங்காட்டாம போயிடுச்சாம். சாவுற வரைக்கும் அத ஆசையா சொல்லிக்கினே இருந்துச்சி."