அம்மை இறங்கிய பெரணி

சிறுசேரியில் சவாரியை இறக்கிவிட்டதும் மற்ற ஓட்டுநர்கள் டீக்கடைக்குப் போவார்கள். திருவேங்கடம் மட்டும் ஏசி குழாய் சொட்டும் சுவரோரம் ஐந்து லிட்டர் கேனை வைத்துவிட்டுக் காவல் நிற்பார். கேட்டால், "வூட்ல ஒரு பொண்ணு கீது. அத்துக்கு போர் தண்ணி ஒத்துக்காது" என்பார்.

பொண்ணு என்பது ஒரு பெரணிச் செடி. தினமும் அவர் வண்டியில் வந்த மேக்னா, வேலை மாற்றலாகிப் புனே போனபோது, "ஒரு வருஷம் பாத்துக்குங்க அங்கிள்" என்று தொட்டியோடு கொடுத்துவிட்டுப் போனது. கூடுவாஞ்சேரி மொட்டை மாடி வெயிலில் ஒரே மாதத்தில் அதன் நுனியெல்லாம் கருகியது. ஒருநாள் இலையைத் திருப்பிப் பார்த்தவர் அரண்டே போனார். அடிப்பக்கம் முழுக்க வரிசை வரிசையாகப் பழுப்புப் பொட்டு.

"சுஜாதா, இத்துக்கு அம்மை போட்டுகீது!"

மனைவி சிரிப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? "அப்ப இன்னாத்துக்கு வெயில்ல வெச்சிகினு கீற? உள்ள எடுத்தாய்யா. நான் இன்னிக்கு தாளிக்கல" என்றாள் அந்தப் புண்ணியவதி.

செடி குளியலறை ஜன்னலோரம் குடியேறியது. வெயில் கிடையாது, காற்று கிடையாது. பக்கத்தில் ஒரு கொத்து வேப்பிலை, வேளாவேளைக்குக் குளிர்ந்த தண்ணீர். வீட்டில் ஒரு வாரம் கறி மீன் இல்லை. பத்து நாளில் சுருள் சுருளாகத் தளிர் எழும்பியது. பெரணிக்கு வேண்டியதே நிழலும் ஈரமும்தான், அந்தப் பொட்டெல்லாம் அதன் விதைத்தூள் என்று நர்சரிக்காரர் பிறகு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நீ படிச்சவன், சொல்லுவ. எறங்குனத கண்ணால பாத்தவன் நானு" என்று திருவேங்கடம் வாயை அடைத்துவிட்டார். இன்றும் அந்த வீட்டில் செடி மேல் சோப்பு நுரை தெறித்தால் பெரிய ரகளை.

போன வாரம் மேக்னா ஊர் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை வந்து செடியை எடுத்துக்கொள்வதாகப் போனில் சொன்னாள். அடுத்தவர் பொருளுக்கு ஒருநாளும் ஆசைப்படாத மனிதர்தான். ஆனாலும் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. "குட்துதானே ஆவணும்" என்று நாலு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வந்தவள் குளியலறை வாசலிலேயே மலைத்து நின்றாள். "என்ன அங்கிள், காடு மாதிரி வளத்து வெச்சிருக்கீங்க! ரெண்டா பிரிச்சு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம். ரெண்டுமே பொழைச்சுக்கும்."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேர்க்கட்டியைத் தொட்டியிலிருந்து பதமாக எடுத்துத் தரையில் வைத்தார். கத்தியை எடுத்தார், எங்கே வைப்பது என்று வேரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இந்தாம்மே, நீயே போடு" என்று சுஜாதாவிடம் நீட்டினார். அவள் கத்தியை வைத்ததும், செடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.