பிளஸ் ஆர் மைனஸ் ரெண்டு பர்சென்ட்

என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்று சந்தேகம் வந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் போட்டுவிடுவேன். அச்சுக்கு அடிப்பவர் எழுத்துகளை இஷ்டப்படி திருத்திக்கொள்ளலாம். எண்களைத் திருத்த வேண்டாம். எண்களில் நான் ஒருமுறை பட்டது போதும்.

முதலிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் காம்பேக்டிங் மெஷின் ஓட்டுகிறேன். சாயம் போட்டுக் காய்ந்து வரும் துணியை நீராவி காட்டி, சூடான உருளையில் அமுக்கி, பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர், கேட்ட அகலத்துக்கும் கனத்துக்கும் கொண்டுவரும் வேலை. மெஷினின் இரைச்சலில் யாரும் என்னிடம் பேச முடியாது. எனக்கு அது வசதி. நான்கு பேர் நிற்கும் இடத்தில் தண்ணீர் கேட்கக்கூட எனக்குக் கூச்சம்.

ஒருநாள் காலையில் முதலாளி என்னை ஆபீஸுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

“உனக்கு இங்கிலீசு வராதல்லொ?”

“வராதுங்க.”

“நெம்பர் படிப்பியா?”

“படிப்பனுங்க.”

“அப்ப நீதான் சரி. நம்ம ஊட்டுக்குப் போயி மாப்பிள்ளைக்குப் பாடம் கேளு.”

அவருடைய ஒரே மகள் பிரசவத்துக்காக வந்திருந்தார். மாப்பிள்ளை பைலட்டுக்குப் படித்தவர். எழுபது பேர் போகிற சின்ன ஜெட் விமானம் ஓட்ட ஒரு கம்பெனியில் எடுத்திருந்தார்கள். சீட்டில் உட்காரும் முன் அந்த விமானத்தின் வரம்புகளை எல்லாம் பரீட்சைக்காரரிடம் வாய்ப்பாடாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு உயரம் போகலாம், எவ்வளவு வேகத்தில் சக்கரத்தை இறக்கலாம், எண்ணெய் எவ்வளவு சூடாகலாம், எல்லாவற்றுக்கும் ஓர் எண். முதல் தடவை போனபோது பதற்றத்தில் எண்களைக் குழப்பிவிட்டு ஃபெயில். இது இரண்டாவது. இதிலும் போனால் மூன்றாவது கிடையாது. மாமனார் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மாமனாருக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. மாப்பிள்ளை அட்டைப்பெட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“பையருக்கு மெயில் போடற மெர்ச்சண்டைசர் நல்லா இங்கிலீசு படிப்பானுங்களே,” என்றேன்.

“அவங்கிட்ட உட்டா மாப்பிள்ளை ஃபெயிலானது சாயங்காலத்துக்குள்ள பல்லடம் பஸ்ஸுல ஏறிரும். நீ வாயே தொறக்க மாட்டே. அதுக்குத்தான் உன்னைய.”

வீடு கம்பெனிக்குப் பின்னாலேயே இருந்தது. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் போவேன். மாப்பிள்ளை சோபாவில் உட்காருவார். என்னையும் உட்காரச் சொன்னார். நான் சோபாவின் ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் உட்கார்ந்தேன். வழுக்கி விழாமல் இருக்கக் காலை ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

கையில் நான்கு ஜெராக்ஸ் தாள்கள். எல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மாப்பிள்ளையின் மனைவி பென்சிலில் தமிழில் குறித்திருந்தார்: ‘சக்கரம் இறக்க’, ‘கண்ணாடி துடைப்பான்’, ‘ஜன்னல் திறக்க’. இதை நான் படிக்க, அவர் எண்ணைச் சொல்ல, நான் தாளில் ஒத்துப்பார்க்க வேண்டும்.

“ஜன்னல் தொறக்க,” என்று படித்துவிட்டு நிறுத்தினேன். “ஏனுங், பிளேன்ல ஜன்னல் தொறப்பாங்களா?”

“பைலட் பக்கத்து ஜன்னல் மட்டுங்கண்ணா. நூத்தி அறுபது நாட் வேகம் வரைக்கும் தொறக்கலாம்.”

“காத்து அடிக்காதுங்களா?”

“அடிக்கும். அதுக்குத்தான் லிமிட்டு.”

முதல் தாளின் அடியில் கடைசி வரிக்கு மட்டும் தமிழ்க் குறிப்பு இல்லை. அது தனக்கு நன்றாகத் தெரியும், விட்டுவிடுங்கள் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். நானும் விட்டேன். ஆனால் அந்த வரியின் முடிவில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஊர்க்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது. கூட்டல் குறியும் அதன் கீழே கழித்தல் குறியும், பக்கத்தில் இரண்டு பர்சென்ட்.

எங்கள் தொழிலில் இதைத் தெரியாதவர் கிடையாது. பையர் கொடுக்கும் தாளில் துணியின் கனம் நூற்றெண்பது என்று இருக்கும். அடியில் பிளஸ் ஆர் மைனஸ் ஐந்து பர்சென்ட் என்று இருக்கும். நூற்றெழுபத்தொன்று வந்தாலும் சரக்குப் போகும், நூற்றெண்பத்தொன்பது வந்தாலும் போகும். கடவுளே வந்து ஓட்டினாலும் நூற்றெண்பது என்று நிறுத்த முடியாது என்பது பையருக்கும் தெரியும். விமானக்காரர்கள் ஐந்துக்குப் பதில் இரண்டுதான் விட்டிருக்கிறார்கள், கொஞ்சம் கெடுபிடியான பையர் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்படி நடந்தேன். சக்கரம் இறக்க இருநூற்றைம்பது. மாப்பிள்ளை இருநூற்று நாற்பத்தைந்து என்றார். இரண்டு பர்சென்ட் கணக்குப் போட்டேன், ஐந்து. சரியாக எல்லைக்குள் வந்தது. “சரிங்க” என்றேன். இரண்டு பக்க டாங்கிலும் எரிபொருள் வித்தியாசம் முந்நூற்று அறுபது கிலோ. அவர் முந்நூற்று அறுபத்தைந்து என்றார். “சரிங்க.” எல்லை தாண்டினால் மட்டும் தொண்டையைச் செருமுவேன். அவர் புரிந்துகொண்டு வேறு எண் சொல்வார். மாப்பிள்ளையைப் பார்த்துத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வீட்டில் அவருக்குக் காபி ஆறிவிட்டது என்று சொல்லவே மூன்று பேர் யோசிப்பார்கள்.

வேலைப் பழக்கத்தில் ஒன்று மட்டும் செய்தேன். எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று அந்தந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்னதாகப் போட்டு வைத்தேன்.

நான்கு நாளில் மாப்பிள்ளைக்கு முகம் தெளிந்துவிட்டது. “அண்ணங்கிட்டச் சொன்னா நிக்குதுங்க மாமா. இவருதான் ராசி,” என்றார். முதலாளி என் மெஷினுக்கு வந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை பரீட்சைக்குச் சென்னை புறப்பட வேண்டிய நாளில், மத்தியானம் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தார். தட்டு நிறைய மாங்காய்த் துண்டு.

“எண்ணெய்ச் சூடு,” என்று படித்தேன்.

“நூத்தி அறுபது.”

“சரிங்க.”

அவர் மனைவி மாங்காயைக் கடிக்காமல் நிறுத்தினார். “ஏனுங்கண்ணா, நூத்தி அறுபத்திமூணுன்னுதான நான் பாத்தேன்?”

“ஆமாங்க.”

“அப்பறம் சரின்னீங்க?”

“மூணுதானுங்க கம்மி. உள்ள வந்துருதுங்க.”

“எதுக்குள்ள?”

தாளின் அடியைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய அம்மா, வலி வந்துவிட்டதோ என்று உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. “அண்ணா, அது ஓடுபாதைங்க. அது மேடேறலாம், பள்ளம் எறங்கலாம், ரெண்டு பர்சென்ட் சரிவு வரைக்கும். அவ்வளவுதான். மத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க.”

“மத்ததுக்கு எத்தனைங்க?”

“ஒண்ணுங் கெடையாது. நூத்தி அறுபத்திமூணுன்னா நூத்தி அறுபத்திமூணுதான்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. எண்ணெய்க்கே அந்தச் சூடு வந்திருக்காது.

“எத்தனை நாளாங்க இப்படி?”

“மொத நாள்ல இருந்துங்க.”

அவர் தலையில் கைவைத்தார். சாயங்காலம் ரயில். எது சரி, எது பக்கத்தில் உள்ளது என்று இனி எதை நம்புவது என்றார். நான் மெதுவாகத் தாள்களை அவர் பக்கம் தள்ளினேன். பென்சில் குறிகளைக் காட்டினேன். மைனஸ் ஐந்து, பிளஸ் ஐந்து, மைனஸ் மூன்று. மொத்தம் ஒன்பது வரி. அவர் மனைவி அவற்றைத் தனியாக ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்தார்.

“இப்பக் கேளுங்கண்ணா. தப்புன்னா தப்புன்னு சொல்லோணும். செருமக் கூடாது.”

“எப்படிங்க, மாப்பிள்ளையப் போயி…”

“சொல்லுலீன்னா இவரு பெட்டி ஒட்டத்தான் போவாரு. சத்தமாச் சொல்லுங்க.”

“சக்கரம் எறக்க,” என்றேன்.

“எரநூத்தி நாப்பத்தஞ்சு.”

“தப்புங்க.” என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“மெசினு ஓடுதுன்னு நெனச்சுச் சொல்லுங்க,” என்றார் அந்த அம்மணி.

மெஷின் ஓடுவதாக நினைத்துக்கொண்டேன். “தப்புங்க மாப்பிள்ளை. திருப்பிச் சொல்லுங்க.”

அப்படியே மூன்று மணி நேரம். எனக்கு வேகம் வந்துவிட்டது. சோபாவில் முழுதாகவே உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. “தப்பு. திரும்ப,” என்று நான் கத்தியபோது நிலைப்படியில் முதலாளி நின்றிருந்தார். தன் கம்பெனி ஆள் தன் மாப்பிள்ளையை அதட்டுவதை ஒரு நிமிடம் பார்த்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

ரயிலுக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை ஒன்பதையும் ஆறு முறை தொடர்ந்து பிசகாமல் சொன்னார். காரில் ஏறிய பிறகும் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

அடுத்த இரண்டு நாள் என் துணி எல்லாம் குறிப்பிட்ட கனத்துக்கு ஒரு கிராம்கூட விலகாமல் வந்தது. அவ்வளவு பயந்து ஓட்டினேன். இவர் ஃபெயிலானால் பேக்கிங்கில் தினமும் என் கண்முன்னால் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாம் நாள் மத்தியானம் முதலாளி செல்போனை நீட்டியபடி மெஷினுக்கு வந்தார். முதலில் என்னிடம்தான் சொல்வேன் என்று மாப்பிள்ளை அடம்பிடிக்கிறாராம். மெஷினை நிறுத்திவிட்டுக் காதில் வைத்தேன்.

“அண்ணா, ஒண்ணுகூட உடுலீங்க. பாஸ்.”

சந்தோஷத்தில் போனை இறுக்கிப் பிடித்ததில் எதையோ அமுக்கிவிட்டேன். போன் கட்டாகிவிட்டது.

“என்னப்பா சொன்னாரு?”

“பாஸுங்க.”

“அப்பறம்?”

“நாந்தானுங்க கட் பண்ணீட்டேன்.”

முதலாளி “ம்” என்றார். பேக்கிங் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மகளிடம் சொல்ல வீட்டை நோக்கி நடந்தார். பாதி வழியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடவே ஆரம்பித்துவிட்டார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எழுதி முடித்தது: 2009, ஆடி மாதம் பதினெட்டாம் தேதி, கம்பெனி லீவு.