ஐஸ்கிரீம் குடோனில் பன்னிரண்டு நிமிடம்

என் கணவரின் அக்கா அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்.

"நான் நார்வே போவப் போறேன்."

என் கணவர் ரசத்தைக் கீழே வைத்தார். "அங்க யாரு இருக்காங்கக்கா?"

"யாரும் இல்ல. திமிங்கலம் இருக்குது. பனிமான் இருக்குது. வானத்துல பச்சையா ஒரு வெளிச்சம் வருதாம், அத பாக்கணும்."

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவிலிருந்தும் வெளிநாடு போனவர்கள் உண்டு. ஒருவர் துபாய்க்கு வேலைக்குப் போனார், ஓர் அம்மாள் மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போனார். வெறுமனே பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர் யாரும் இல்லை.

நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருந்தார். ஆனால் பெரும்பாலும் நைட் டூட்டி. நான் அடுப்பு பற்றவைக்கும்போது வீட்டுக்கு வருவார், நான் தையல் மிஷினைத் திறக்கும்போது படுக்கப் போவார். நான் பட்டுப்புடவைகளுக்கு ஜாக்கெட் தைப்பவள். அவர் தூக்கம் கலையக் கூடாதென்று காலையில் மிஷினை ஓட்டாமல் ஹூக் வைப்பது, ஓரம் அடிப்பது என்று கைவேலைகளாகவே பார்ப்பேன். பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவருக்குப் பாகற்காய் பிடிக்கும் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அண்ணி என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேருக்குமே கம்ப்யூட்டர் தெரியாது. சென்டர் நடத்திய பெண் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினோம். ஒரு படம் மேலிருந்து கீழே இறங்கி முழுசாகத் தெரிவதற்குள் நாங்கள் ஆளுக்கொன்று யூகம் சொல்வோம். மலை என்பார் அண்ணி, கடல் என்பேன் நான். கடைசியில் மலையும் கடலும் சேர்ந்தே இருக்கும். அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பிரிண்ட் எடுத்தோம். கறுப்பு வெள்ளையில் அது ஈர விறகுப் புகை மாதிரி வந்தது. அண்ணி அதையும், இந்தப் பயணத்துக்கென்றே போட்டிருந்த நோட்டில் ஒட்டிவைத்தார்.

சென்னையில் ஒரு டிராவல்ஸ்காரரைப் போய்ப் பார்த்தோம். அவர் சுவிட்சர்லாந்து படங்களையே திரும்பத் திரும்ப எடுத்து வைத்தார். "நம்ம ஆளுங்க எல்லாம் இங்கதான் மேடம் போறாங்க."

"அதான் எல்லாரும் போறாங்களே, நான் வேற எதுக்கு?" என்றார் அண்ணி.

நார்வேயையும் சேர்த்து வடக்கே மூன்று நாடுகள் போகிற ஒரு குழு டிசம்பரில் கிளம்புவதாக அவர் சொன்னார். ஆனால் ஒரு ரூமுக்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ வரியாம்மா?"

பாஸ்போர்ட் எந்தக் கலரில் இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. "வரேன்" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல், குளிர் என்றால் எப்படி இருக்கும் என்று. மார்கழி விடியலில் கோலம் போடும்போது கை கொஞ்சம் விறைக்கும், அதுதான் எனக்குத் தெரிந்த குளிர். பஞ்சு வைத்து இரண்டு கோட்டு தைத்தேன். உள்ளே பழைய கம்பளியை வெட்டி லைனிங் கொடுத்தேன். ஆனால் அது தாங்குமா தாங்காதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"போட்டுப் பாத்துதான்" என்றார் அண்ணி. "ஊர்ல எங்க குளிரா இருக்குதுன்னு யோசி."

என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் ஓர் அம்மாவின் கணவர், ஓரிக்கை பக்கம் ஐஸ்கிரீம் குடோன் வைத்திருந்தார். மைனஸ் பதினெட்டு டிகிரி. அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது, ஆனாலும் சம்மதம் வாங்கிக்கொடுத்தார்.

ஒரு சித்திரை மாத மத்தியானம். வெளியே தார் உருகுகிற வெயில். அண்ணி புடவைக்குள் என் கணவரின் பேண்ட்டைப் போட்டு, மேலே கோட்டு, கையில் கிளவுஸ், தலையில் மஃப்ளர் என்று ஆட்டோவை விட்டு இறங்கினார். குடோன்காரர் கதவைத் திறந்து, "சாத்தமாட்டேம்மா, இப்படியே புடிச்சிக்கினு நிக்கிறேன்" என்றார்.

"நல்லா சாத்துங்க. காத்து உள்ள வந்துச்சுன்னா கணக்கு தப்பாயிடும்."

உள்ளே அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூக்குக்குள் ஏதோ குத்தியது.

"அண்ணி, மூக்குல முள்ளு மாதிரி…"

"முடி உறையுது. பயப்படாத. வேற எங்க குளிருது?"

"பாதம்."

"எனக்கும். கோட்டு பரவாயில்ல. செருப்பு ஆவாது." தன் பழைய டூட்டிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, நோயாளியைக் கேட்பது மாதிரி என்னைக் கேட்டார். பன்னிரண்டாவது நிமிடத்தில் அதையெல்லாம் நோட்டில் எழுத ஒரு கிளவுஸைக் கழற்றினார்.

அவர் விரல்களில் மூன்று, சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்திருந்தன. பேனா கையிலிருந்து விழுந்தது.

நான் கத்திக்கொண்டே கதவைத் தட்ட, திறந்ததும் வெளியே வந்துவிட்டோம். குடோன்காரர் பதறிப்போய் டீக்கு ஓடினார். வெளுத்த விரல்கள் நீலமாகி, அப்புறம் சிவந்தன. அண்ணி கையை வெயிலில் நீட்டி, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேஷன்ட்டுங்ககிட்ட பாத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

அவரோடு வேலை பார்த்த டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார். "குளிர் பட்டா உங்களுக்கு ரத்தக்குழாய் சுருங்கிப்போவுது சிஸ்டர். டிசம்பர்ல அங்க போனா விரல் போயிடும். வேணாம்."

வீட்டுக்கு வந்து அண்ணி நோட்டைப் பரணில் போட்டார். என் கணவர் நிம்மதியாகத் தூங்கினார். எனக்குத்தான் மிஷினில் உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. இத்தனைக்கும் அது அவருடைய ஆசை, நான் துணைக்குப் போகிறவள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் நான் மட்டும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே கோடைக்காலம் எப்படி இருக்கும் என்று தேடினேன். படித்ததை நம்பமுடியாமல் அந்தப் பெண்ணையும் ஒருமுறை படிக்கச் சொன்னேன். பிரிண்ட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

"அண்ணி, ஜூன்ல போனா அங்க பொழுதே சாயாதாம். ராத்திரி பன்னெண்டு மணிக்கும் வெயில் அடிக்குதாம். குளிரும் நம்ம மார்கழிய விடக் கொஞ்சம் அதிகம், அவ்ளோதான்."

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"அப்போ நைட் டூட்டி நர்ஸுங்க என்னா பண்ணுவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "நெசமாத்தான் கேக்குறேன். முப்பது வருசம் ஜன்னலுக்குத் திரை போட்டுக்கினு பகல்ல தூங்கியிருக்கேன். நான் தூங்குன நேரத்துல அடிச்ச வெயில அங்க போயாவது பாத்துட்டு வரலாம். பரணுல இருந்து அந்த நோட்ட எடு."

பச்சை வெளிச்சம் கோடையில் தெரியாது என்று நான் தயங்கிச் சொன்னேன். "தெரியாட்டி போவுது" என்று, பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் இருந்த அந்த வரியை அவரே பேனாவால் அடித்தார். டாக்டரும், கிளவுஸைக் கழற்றவே கூடாது என்ற கட்டளையோடு சம்மதித்தார்.

அந்த வருட ஜூனுக்குள் எனக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. மறு வருடம், வரதர் கோவில் கருட சேவை முடிந்து கொஞ்ச நாளில் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியுமாக விமானம் ஏறினோம்.

திமிங்கலம் கண்ணில் படவில்லை. நான்காம் நாள், வடக்கே ஒரு மலைப்பாதையில் எங்கள் பஸ் நின்றது. நடுரோட்டில் ஒரு பனிமான் நின்றிருந்தது. டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். அண்ணி அவரிடம் அனுமதி கேட்டு இறங்கினார், பின்னாலேயே நானும். அது எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் நடந்தது. ஒவ்வொரு அடிக்கும் அதன் காலிலிருந்து சொடக்குப் போடுகிற மாதிரி ஒரு சத்தம்.

"கேட்டியா?" அண்ணி என் கையைப் பிடித்தார். "எலும்பா, நரம்பா?"

பஸ்ஸில் ஏறியதும் டிரைவரிடம் தன் ஆஸ்பத்திரி இங்கிலீஷில் கேட்டார். அவர் தன் குதிகாலைத் தொட்டுக் காட்டி, எலும்பு மேல் தசைநார் வழுக்கும் சத்தம் என்றார். பனிமூட்டத்தில் ஒன்றையொன்று தொலைக்காமல் இருக்க அந்தச் சத்தம் உதவுமாம்.

"இத்தன பிரிண்ட் எடுத்தோம், இத யாரும் எழுதலயே" என்றார் அண்ணி. கிளவுஸ் போட்ட கையால் பேனாவை எப்படிப் பிடிப்பது என்று முயன்று பார்த்துவிட்டு, நோட்டை என்னிடம் நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.