கீழ் வலது மூலை

குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவள் எங்கள் குடும்பத்தில் அத்தை ஒருத்திதான். மற்ற எல்லாரும் அதை இலவசமாகச் செய்துகொண்டிருந்தோம்.

ஓர் ஓவியக் கூடத்தின் பின்புறம், ஜன்னல் இல்லாத அறை. நீள மேசை, டார்ச், பூதக்கண்ணாடி, அளவு நாடா. வெளியூர் போகும் படம் எதுவானாலும் பெட்டிக்குள் போகும் முன் அத்தையின் மேசையில் படுக்க வேண்டும். எங்கே விரிசல், எங்கே வண்ணம் பெயர்ந்திருக்கிறது, எங்கே பூச்சி கடித்திருக்கிறது என்று ஒரு படிவத்தில் எழுதுவாள். படம் திரும்பி வந்ததும் அதே படிவத்தை வைத்துக்கொண்டு ஒப்பிடுவாள். புதிதாக ஒரு கீறல் இருந்தால் வழியில் யாரோ பார்த்த வேலை என்று அர்த்தம். இருபத்தாறு வருஷத்தில் அவள் எழுதியதில் பிழை என்று யாரும் விரல் வைத்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

"படம் என்ன சொல்லுதுன்னு கேக்கறது மத்தவங்க வேலை. எங்க அடிபட்டிருக்குன்னு கேக்கறது என் வேலை," என்பாள்.

"கல்யாண ஆல்பத்தைப் பாரு," என்பார் மாமா. "என் போட்டோவுக்குக் கீழே பென்சில்ல எழுதி வச்சிருக்கா, இடது காது சற்றுத் தாழ்வுன்னு."

ஒரு வருஷம் அவர்கள் கூடமும் கடல் தாண்டிய ஒரு கூடமும் பன்னிரண்டு பன்னிரண்டு நவீன ஓவியங்களை மாற்றிக்கொண்டன. இங்கிருந்து போனதில் ஒன்று வட்டக்காரர் வரைந்தது. அவரை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வட்டத்தைத் தவிர வேறெதையும் அவர் தொட்டதில்லை. ஆறு பெரிய கறுப்பு வட்டங்கள். கீழ் வலது மூலையில் மட்டும் டீ கிளாஸின் அடிப்பாகம் அளவுக்கு ஒரு பழுப்பு வளையம். அத்தை எழுதினாள்: 'கீழ் வலது மூலை: வட்டக் கறை. தேநீராக இருக்கலாம். கவனக்குறைவு.'

அங்கிருந்து பணிவாக ஒரு கடிதம் வந்தது. படிவத்தில் கண்ட கறையை எங்கள் நிபுணர் நீக்கித் தரலாமா? மேலதிகாரி அத்தையைக் கேட்டார். "தாராளமா," என்றாள் அத்தை.

அப்போது அந்த ஊரில்தான் எனக்கு வேலை. கண்காட்சிக்குப் போனால், கூட்டம் முழுக்க அந்தக் காலி மூலைக்கு முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. கையேட்டில் அதைப் பற்றி மட்டும் மூன்று பக்கம். போனில் அத்தைக்குத் தமிழில் சொன்னேன்.

"ஆறு வட்டமும் பேசி முடிச்ச பிறகு அந்த மூலை மௌனம் காக்குதுன்னு போட்டிருக்கு அத்தை."

"மௌனமும் இல்ல ஒண்ணும் இல்லடா. நான்தான் துடைக்கச் சொன்னேன்."

வருஷம் திரும்புவதற்குள் அந்த ஊர் இளம் ஓவியர்கள் ஒன்பது பேர் கீழ் வலது மூலையைக் காலியாக விட்டு வரைய ஆரம்பித்தார்கள். ஓர் இயக்கம், அதற்கு ஓர் அறிக்கை. அறிக்கையில் பக்க எண்ணைக்கூட இடது பக்கம் தள்ளிவிட்டார்கள்.

படம் திரும்பி வந்து பெட்டியைத் திறந்த அன்று வட்டக்காரரும் வந்திருந்தார். அத்தை டார்ச் அடித்துக் காட்டினாள்.

"பாத்தீங்களா சார், டீக் கறை போன இடமே தெரியல."

அவர் குனிந்து அந்த இடத்தை விரலால் அளந்தார். "அது கறை இல்லம்மா. மூணு நாள் யோசிச்சு வச்சேன். அதுதான் ஏழாவது வட்டம்."

அத்தை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். மேசையில் படிவத்தின் 'திரும்பிய நிலை' என்ற பகுதி இன்னும் எழுதாமல் கிடந்தது.

வட்டக்காரர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அந்த மூலையைப் பத்திப் பேசத்தான் அடுத்த மாசம் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. டிக்கெட்டே வந்தாச்சு. கறை போச்சு, வேற மாற்றம் எதுவும் இல்லைன்னு எழுதிடுங்களேன். அறுபத்தெட்டு வயசுல இப்பத்தான்மா நாலு பேர் என் பேரை ஒழுங்கா உச்சரிக்கக் கத்துக்கிட்டிருக்காங்க."

வீட்டில் மாமாவும் அதையே சொன்னார். "ஊரார் குறையை எழுதத்தான் அந்தப் படிவம். உன் குறையை எழுத அதுல இடமே கிடையாது."

அத்தை கையோடு கொண்டுவந்திருந்த படிவத்தைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நிஜமாகவே இடம் இல்லை.

மறுநாள் காலை, இரண்டு கட்டங்களுக்கு நடுவே நெருக்கி எழுதினாள்: 'கீழ் வலது மூலை: ஓவியர் வரைந்த வட்டம் ஒன்று இல்லை. காரணம்: முந்தைய குறிப்பை எழுதியவர் அதைக் கறை என்று நினைத்தது.' கீழே கையெழுத்து. விதிப்படி ஒரு நகல் கடல் தாண்டிப் போனது.

"கையெழுத்தை வேற முழுசாப் போட்டிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் போன வட்டக்காரர், அதன் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. அவருடைய பயணத்தைத் தள்ளிவைத்திருப்பதாகத் தகவல் வந்தது. அத்தை வீட்டில் குறை சொல்வதையே நிறுத்திவிட்டாள். மாமா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். "சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு அவ முன்னாடி ரெண்டு தடவை நடந்தேன். ஒண்ணும் சொல்லலடா."

ஏழு வாரம் கழித்து அங்கிருந்து பதில் வந்தது. ஒன்பது பேரும் இரண்டாகப் பிரிந்துவிட்டார்களாம். ஐந்து பேருக்கு மூலை காலியாகவே இருக்க வேண்டும், அது எப்படிக் காலியானால் என்ன. மற்ற நாலு பேர் மூலையில் வளையம் போட டீ கிளாஸோடு உட்கார்ந்துவிட்டார்கள். தீர்ப்புச் சொல்ல வட்டக்காரரே நேரில் வர வேண்டும். ஒரு வாரம் போதாது, ஒரு மாதம் தங்கட்டும்.

அன்று சாயங்காலம் அவரே போன் செய்தார். "ஏம்மா, நான் எந்தப் பக்கம் சேரட்டும்?"

"அது உங்க பாடு சார். எந்த கிளாஸை வச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க, அளவைக் குறிச்சுக்கணும்."

கடிதத்தில் இன்னொரு வேண்டுகோளும் இருந்தது. படத்தை மறுபடி அனுப்ப வேண்டும், கூடவே அந்தப் படிவத்தின் அசலும் வேண்டும். படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறார்கள். வெளியூர் போகும் எதற்கும் படிவம் எழுதியாக வேண்டும். அத்தை தன் படிவத்தை மேசையில் படுக்க வைத்து, டார்ச் அடித்து, புதிய படிவம் ஒன்றில் எழுதினாள்:

'தாள், ஒன்று. இடது ஓரம்: கோப்பில் கோத்த துளைகள் இரண்டு. நடுவே: மடிப்பு. கீழே, நெருக்கி எழுதிய வரிகள்: எழுத்துகள் நடுங்கியிருக்கின்றன. பயணத்தில் நேர்ந்ததல்ல, கிளம்பும் முன்பே இருந்தது.'