ஊசித் துளையை ஒப்புக்கொண்ட ஸிபான்

ஸிபான் மௌத்தான செய்தி வந்தபோது நான் ஒரு காரின் பொனட்டுக்குள் தலையை விட்டிருந்தேன். நெஞ்சு வலி வந்து செத்துப்போனானாம். என் வயதுதான். கல்முனையில் இருவரும் சேர்ந்துதான் வாகனம் திருத்தும் கராஜ் திறந்தோம். ஜனாஸா வீட்டில் எல்லோரும் அவனை “அமைதியான பிள்ளை” என்றார்கள். பொய். அவன் சண்டைக்காரன். அவனோடு பழகி, இன்று அவன் நினைவாகக் கூடியிருக்கும் உங்களுக்கும் அது தெரியும்.

அதிகம் சண்டை பிடித்தது ஊசிக்காக. வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க இங்கே கராஜ்களில் பலர் அதன் உறையில் ஊசி குத்துவார்கள். அந்தத் துளைக்குள் கடற்கரை உப்புக்காற்று புகுந்தால் செம்பு பச்சை பிடித்து அரித்துப்போகும். “மனிசனுக்கு ஊசி போட்டா சுகம் வரும், வயருக்குப் போட்டா வருத்தம்தான் வரும்” என்று கத்துவான்.

ஒலுவில் துறைமுகத்தில் மீன் ஏற்றும், எங்களுக்கு மூத்த அண்ணன் போன்ற ஹனீபா காக்காவின் வேனில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. இன்ஜினை இயக்கும் கொம்பியூட்டர் பழுது என்று வேறொரு கராஜில் சொல்லிவிட்டார்கள். புதிது போட வசதியில்லாமல், வேனை விற்கும் முடிவோடு எங்களிடம் வந்தார்.

எரிபொருள் பீச்சும் இன்ஜெக்டரைத் திறக்கக் கொம்பியூட்டர் அனுப்பும் சிக்னலை ஸிபான் ஸ்கோப் திரையில் கோடாக, வயரின் இரண்டு முனைகளிலும் பார்த்தான். கொம்பியூட்டர் பக்கம் கோடு அடிவரை விழுந்தது. இன்ஜெக்டர் பக்கம் பாதியிலேயே நின்றது.

“கொம்பியூட்டர் ஒழுங்காத்தான் கதைக்குது காக்கா. இன்ஜெக்டருக்குக் கேக்குதில்ல. கோளாறு நடுவுல.”

வயரில் சுற்றியிருந்த நீல டேப்பை உரித்தான். ஊசித் துளை. உள்ளே பச்சை.

“எந்தப் பேயன் குத்தின?” என்றார் காக்கா.

ஸிபான் டேப்பையே பார்த்தான். “நான்தான். இது எங்கட டேப். நோன்புக்குள்ள அவசரமா வந்தீங்களே, அண்டைக்குக் குத்தின.”

மற்ற வாடிக்கையாளர்களும் நின்றார்கள். “வாயப் பொத்துடா, கராஜ்ட பேர் போகப்போகுது” என்று காதுக்குள் சொன்னேன்.

“மத்தவன் குத்தினா ஊருக்கே கேக்கக் கத்துறன். நான் குத்தினா மட்டும் பொத்தணுமா மச்சான்?” அதையும் உரத்தே சொன்னான்.

காக்கா வாயில் வந்தபடி ஏசினார். வயரை மாற்றியதும் வேன் சீராக ஓடியது. அவர் விற்கவில்லை. அன்று நின்றவர்களில் சிலர் எங்கள் பக்கம் திரும்பி வரவேயில்லை. அவன் கவலைப்படவில்லை. எனக்குத்தான் கடுப்பு.

“ஸிபான் இல்லாம உனக்கு ஏலா, மூடிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போ” என்கிறார்கள் இப்போது. போகமாட்டேன். போன கிழமை ஒரு காரில் வயர் பிளக்கைக் கழற்றும்போது அதன் பூட்டு என் கையில் உடைந்தது. சொந்தக்காரர் பார்க்கவில்லை. கூப்பிட்டுக் காட்டினேன். ஏசினார். நின்று கேட்டுக்கொண்டேன். ஸிபானிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். பேர் போவதென்றால் போகட்டும், கராஜ் நாளைக்கும் திறக்கும்.